பலராமனா, பாட்ரிக்கா

உலகத்தின் மிக உக்கிரமான குத்துச்சண்டைகள் அமெரிக்காவில் நடந்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவை நடந்தது மேற்குத் தாம்பரத்தில். தண்டவாளத்தை ஒட்டிய ஏகநாதன் சலூனில். ஞாயிறுதோறும், காலை இட்லிக்கும் மத்தியானக் கறிக்குழம்புக்கும் நடுவில். அந்த அதிர்ச்சியில் பூமி தன் அச்சிலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்ததாகவும், பீச் ரயில்கள் தாமதமாக வந்தது அதனால்தான் என்றும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். குத்தியவர் மட்டும் யாரும் கிடையாது. எல்லாம் வாய்தான்.

இந்த இனத்துக்கு ‘அந்தக்கால பாக்ஸிங் நிபுணர்’ என்று பெயர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஐம்பதைத் தாண்டியிருப்பார், தொப்பை அவருக்கு முன்னால் நடந்து வரும், பேச்சு சூடேறினால் இடது முஷ்டி தாடைக்குக் காவல் வந்துவிடும், வலது முஷ்டி பக்கத்திலிருப்பவன் டீயைக் கொட்டிவிடும், டிவியில் இந்தக் காலத்துச் சண்டையைக் காட்டினால், “இதுவா சண்டை? ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுகினு அழுவுறானுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எந்த வாதத்தையும் “நான் நேர்ல பாத்தவன்” என்றுதான் ஆரம்பிப்பார். எங்கிருந்து பார்த்தார்? சண்டை நடந்த டென்ட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரத்திலிருந்து. எதைப் பார்த்தார்? டென்ட்டின் கூரையை.

நம் கையில் சிக்கிய நிபுணர் லோகநாதன். தாம்பரம் மார்க்கெட்டில் அரிசிக்கடை முதலாளி. அவருடைய தெய்வம் பல்லாவரம் பலராமன். எதிர்க்கட்சி சவுரிமுத்து, பம்மலில் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி, ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து ஏகநாதன் சலூனுக்கு வருகிறவர். பம்மலில் சலூன் இல்லையா? இருக்கிறது. லோகநாதன் இல்லை. சவுரிமுத்துவின் தெய்வம் மவுண்ட் பாட்ரிக். அம்பத்தி நாலில் இந்த இரண்டு தெய்வங்களும் மோதி, ஏழாவது ரவுண்டில் பலராமன் விழுந்தார். இதுவரைக்கும் கட்சி வேறுபாடு இல்லை. ஏன் விழுந்தார் என்பதில்தான் வழக்கு. வியர்வையில் கால் வழுக்கியது என்பார் லோகநாதன். மறு வாரம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கண்ணில் அடித்தது என்பார். அதற்கும் மறு வாரம், ரெஃப்ரி பத்து எண்ணும்போது ஆறையும் எட்டையும் முழுங்கிவிட்டான் என்பார். சவுரிமுத்து ஒவ்வொன்றையும் சந்தோஷமாக உடைப்பார். இப்படியே தொண்ணூற்றொன்று வரை வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஒரு ஞாயிறு, சவுரிமுத்து நாற்காலியில் பாதி சவரத்தில் இருந்தபோது, பழைய காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோன லோகநாதன் புதுசாக ஒன்றை எடுத்துவிட்டார்.

“பாட்ரிக் கிளவுஸ்ல இரும்பு வெச்சிருந்தாம்பா. அப்பவே பேசிக்கினாங்க.”

“இன்னா சொன்ன?”

“இரும்பு.”

சவுரிமுத்து மெதுவாக எழுந்தார். “செத்துப்போன மனுசன் மேல பழி போடறியே, நீயெல்லாம் ஒரு ஆளு.”

“சார், இன்னொரு கன்னம் கீது சார்” என்றான் ஏகநாதன்.

“அத்த அவனுக்குச் செய்” என்று சொல்லிவிட்டு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் பம்மல் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

எதிர்க்கட்சி இல்லாத நிபுணரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள், தாங்காது. லோகநாதன் முன்னைவிடச் சீக்கிரமே வந்து உட்கார்ந்தார். பலராமனின் இடது கையைப் பற்றி ஏகநாதனிடம் சொல்லிப் பார்த்தார். அவன் “ஆமாண்ணே” என்றான். காற்றில் குத்தினால் யாருக்குத்தான் தோள் வலிக்காது? பம்மல் பஸ் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கழுத்து தானாகத் திரும்பும். நேரில் போய்க் கூப்பிடலாமே என்று ஏகநாதன் சொன்னதற்கு, “நானா? அவன் வரட்டும்” என்றார். அவரோ நேரில் பார்த்தவர். நேரில் பார்த்தவர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. அப்புறம் ஒரு ஞாயிறு பலராமன் பேச்சையே எடுக்காமல் பொன்னி அரிசி விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார். கடை வெறிச்சென்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் இதை எழுதுகிறவன் உள்ளே வருகிறான். பத்தாம் வகுப்பில் கணக்கிடம் இரண்டு முறை நாக் அவுட் ஆனவன். சலூனுக்கு ஓசியில் பேப்பர் படிக்க வருகிறவன். இரக்கம், கிரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போரடித்தது, அவ்வளவுதான். சைக்கிளை மிதித்துப் பம்மல் போய்ச் சவுரிமுத்து வீட்டு வாசலில் நின்றான்.

“லோகு அண்ணன் கட்சி மாறிட்டாரு.”

“மாறட்டும். எனுக்கு இன்னா?”

“பலராமன், பாட்ரிக் ரெண்டு பேருமே ஜுஜுபியாம். கோவளம் குரூஸ்னு ஒருத்தராம், வலை இழுத்த கையாம். அவுருதான் ஆளாம்.”

அப்படி ஒருவர் கோவளத்தில் பிறக்கவே இல்லை. பம்மலில், அந்த வாசலில், அந்த நிமிஷம்தான் பிறந்தார். யார் அது என்று சவுரிமுத்து கேட்டாரா? நிபுணர் கேட்பாரா?

“குரூஸா? அவனத் தெரியாதா எனுக்கு. கால் வேலையே தெரியாதவனாச்சே” என்றார். குரல் ஏற்கெனவே சூடாகியிருந்தது.

மறு ஞாயிறு சலூனுக்குள் வந்தவர், நாற்காலியைக்கூடப் பார்க்காமல் லோகநாதன் முன்னால் போய் நின்றார். “பலராமன் ஜுஜுபின்னு சொன்னியாமே?”

லோகநாதன் வாயைத் திறந்தார். எதிர்க் கண்ணாடியில் தெரிந்த, பேப்பருக்குப் பின்னால் ஒளிகிற முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடினார். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பக்தியை எச்சிலோடு விழுங்கிவிட்டுச் சொன்னார்: “ஆமா. அதுக்கு இன்னா இப்ப?”

“இன்னாவா? பலராமன் கையால தாடைல வாங்குனவன் எவனாச்சும் அன்னிக்கி சோறு மென்னு துன்னுருக்கானா? ஏழு ரவுண்டு அவன்கிட்ட என் ஆளு செத்துப் பொழச்சான்யா. அவன் ஜுஜுபின்னா என் ஆளு யார அடிச்சான், உன் கடை மூட்டையையா?”

லோகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“பாட்ரிக் கிளவுஸ்ல ஒண்ணுமில்லப்பா” என்றார். “அவன் கையே அப்படி.”

“அத்தச் சொல்லு.”

“உக்காரு. மூஞ்சி முழுக்கத் தாடி வெச்சுகினு.”

சவுரிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். ஏகநாதன் நுரை பூச, இருவரும் சேர்ந்து குரூஸை அடிக்க ஆரம்பித்தார்கள். வலை இழுத்த தோள் முன்னால் வராது என்றார் ஒருவர். ஆளே குள்ளம் என்றார் இன்னொருவர். ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடுவான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இதுவரை நீங்கள் சிரித்தபடி படித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக நீங்கள் குரலை உயர்த்தியது நேரில் பார்த்த ஒன்றுக்காகவா, பார்க்காத ஒன்றுக்காகவா? ராத்திரி படுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். தான் அந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்றுதான் இதை எழுதுகிறவனும் அன்றைக்கு வரை நம்பியிருந்தான். வந்த வேலை முடிந்ததென்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? போனானா? எழுந்து நின்றான்.

“யாரு குள்ளம்? தெரியாம பேசாதீங்கண்ணே. குரூஸ் ஆறடி. கடைசி வரைக்கும் ஒரு சண்டைல கூட தோத்ததே இல்ல.”

“தோத்ததே இல்லியா?” என்றார் லோகநாதன்.

“இல்ல.”

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த சவுரிமுத்துவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“பொறந்த பாக்ஸர் எல்லாம் ஒரு நாளு வுழுந்துகீறான்டா. அடுத்த வாட்டி ஆள் செஞ்சா, ரெண்டு தோல்வி சேத்துச் செய்.”