சுவருக்கு அந்தப் பக்கத்து விசில்

அன்பு மகள் சுஜீதாவுக்கு, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்பா காளிதாஸ் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் ரேடியோவும் சுகம். வத்தளையில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கேஷானியும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய் என்பதால் கடிதம்.

வந்து உங்களோடு இருக்கச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறாய். வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிவர வான் வண்டி அனுப்பு. காரணம் ரேடியோ. அந்தியில் ஆறரைக்குச் செய்தி கேட்க உட்கார்ந்தால் விசில் அடிக்கிறது என்று சொன்னேனே, அதைத் தூக்கிக்கொண்டு கரவனெல்ல ரிப்கான் தம்பியின் ரிப்பேர் கடைக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன், கடையில் அது நல்ல பிள்ளையாகப் பாடியது, மூன்றாம் தடவை அவர் சிரித்துவிட்டு, கோளாறு உங்களுடையதில் இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோதான் கூவுகிறது என்றார். ரேடியோ வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிற சாமான் இல்லையாம், நிலையத்தைப் பிடிக்க உள்ளுக்குள் தானும் ஓர் அலையை உண்டாக்குமாம், அதற்கு லோக்கல் ஒசிலேட்டர் என்று பெயராம், அது கொஞ்சம் வெளியே கசிந்து நான் கேட்கிற நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் விசிலாம். நிலையம் காட்டும் என் முள்ளைக் கீழ்க்கோடிக்கு இறக்கினால் என்னுடையது பக்கத்து வீட்டு ரேடியோவில் கூவும், இறக்காதீர்கள் என்றும் எச்சரித்தார்.

பக்கத்துக் காம்பரா வீடு அழகம்மாவுடையது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் வாளி முதலில் என்று சண்டை பிடித்து ஆறு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. உன் அம்மா போனதற்குக்கூட அவள் வாசலோடு நின்றுவிட்டாள். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு விசில் கேட்டால் எனக்குக் கோபம் வரவில்லை, அவளும் தனியாக உட்கார்ந்து கேட்கிறாள் என்று நினைத்துத் தேத்தண்ணியை ஊற்றிக்கொள்வேன். இப்போது மூன்று வாரமாக விசில் இல்லை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், கடைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. செய்தி ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்கிறது. எனக்குத்தான் இங்கே இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், கேஷானிக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வான் வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் விசில் அடித்தது. முள்ளைக் கீழ்க்கோடிக்கு இறக்கி மெல்ல மெல்லத் திருகினேன். அங்கே நிலையம் எதுவும் இல்லை, வெறும் இரைச்சல். அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தட்டும் சத்தம்.

"அண்ணே, என் ரேடியோ விசிலடிக்குதுங்க. ஒங்களதும் அடிக்குதுங்களா?"

"இல்ல அழகம்மா, ஒன்னோடதுல அடிக்கிறது நாந்தான். நாளைக்கும் அடிப்பேன்."