பட்டியலாரின் நெற்றிக் கேமரா

நெஞ்சில் கட்டிய கேமரா முதல் நாளே காலை வாரிவிட்டது. அப்பாவின் வீட்டில் இரண்டு மணி நேரம் மூச்சிரைக்க, வாய்விட்டு எண்ணியபடி பீரோவையும் பரணையும் குடைந்து எடுத்த வீடியோவில், பாதி பட்டியலாரின் தொந்தி, மீதி தரை. வேறு வழியில்லாமல் அதையே தங்கைக்கு அனுப்பினார்.

“அண்ணா, இன்னொரு தடவை எடுத்து அனுப்பேன்” என்று பதில் வந்தது.

பட்டியலார் என்பது உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர். மருந்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக இருப்புப் பார்க்கிறார்; ஒரு குப்பி காணாமல் போனதில்லை. அப்பா இறந்து இரண்டு மாதம். கடல் தாண்டி இருக்கும் தங்கைக்கு அப்போது பிரசவ நேரம். கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட வர முடியவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யுமுன் ஒவ்வொரு சாமானையும் வீடியோ எடுக்க அவள் சொன்னபோது, அந்தப் பரிதாபத்துக்காகத்தான் சரி என்றார். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஊருக்கெல்லாம் நம்பகமானவன் கூடப்பிறந்தவளுக்கு மட்டும் திருடனா?

சாமானைத் தூக்கிக் காட்ட இரண்டு கையும் வேண்டும். கேமராக் கடைக்காரர் கழுத்தில் மாட்டும் ஃபோன் தாங்கி ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டார். பட்டியலார் முதல் தடவை குனிந்ததுமே ஃபோன் தண்ணீர் வாளிக்குள் தலைகுப்புற விழுந்தது. அதை உலர்த்தி உயிர்ப்பித்து, அடுத்து நெற்றியில் கட்டும் கேமரா வாங்கினார். ஒவ்வொரு சாமானுக்கும் தலையாட்டிச் சரிபார்ப்பது கிடங்குப் பழக்கம். வீடியோவில் வீடே ஆடியது. போதாக்குறைக்குப் பரண் விளிம்பில் கேமரா இடித்து, நெற்றியில் எலுமிச்சை அளவு வீங்கிவிட்டது.

விட்டாரா? கிடங்கில் செய்வதுபோலவே சத்தமாகச் சொல்லிச் சொல்லி எடுத்தார்.

“எவர்சில்வர் டம்ளர் நாலு. ஒண்ணு நசுங்கினது. கைத்தடி ஒண்ணு. மூக்குக் கண்ணாடி ஒண்ணு, ஒரு பக்கம் நூல் கட்டினது.”

அந்த நூலைக் கட்டியது பட்டியலார்தான். புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திவிட்டார். வேட்டி நுனியால் அதைத் துடைத்து வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு செருப்புக்குப் போனார்.

தங்கையிடமிருந்து பழைய பாட்டே வந்தது. இன்னும் ஒரு தடவை. கொஞ்சம் மெதுவாக.

பட்டியலாருக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் சாவியை ஒப்படைக்க வேண்டும். அவள் வாயை ஒரேயடியாக அடைக்க, மூக்குக் கண்ணாடிக்குள்ளேயே கேமரா வைத்த விலை உயர்ந்த சமாசாரத்தை வாங்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு சாமானுக்கும் எண் போட்டுச் சீட்டு ஒட்டினார். சந்தேகப்படுகிறவளிடம் பேச்சு என்ன வேண்டியிருக்கிறது? வாயே திறக்காமல் எடுத்து முடித்தார். துடைத்துவைத்த மாதிரி படம். ஊசி நூல்கூடத் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “இது வேண்டாம் அண்ணா. முன்னாடி எடுத்த மாதிரியே எடுத்து அனுப்பு.”

சாவியோடு இந்த உறவையும் நாளைக்கே ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்து ஃபோன் போட்டார். எடுத்தது தங்கையின் கணவர்.

“மாப்பிள்ளை, அவகிட்டயே கேட்டுச் சொல்லுங்க. எந்தச் சாமான் குறையுது? நான் எதைத் தூக்கிட்டுப் போயிட்டேன்?”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவ ஒரு வீடியோவையும் பாக்கவே இல்ல மச்சான். ஃபோனைக் கவுத்து வெச்சுட்டு, கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருக்கா. உங்க குரல் அப்படியே மாமா குரலாம்.”