தொண்டையில் ஒரு கோடு

"ஒத்துப்போகலை," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "அந்தப் பருந்தை மேடம் வைரின்னு எழுதியிருக்காங்க. டாக்டர் குருவிப்பருந்துங்கிறார். மரத்து மேல உட்கார்ந்திருக்கிறது ஒண்ணுதானே?"

அந்த மேடம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், தலையைக் குனிந்துகொண்டாள். பல் டாக்டர் பைனாகுலரைத் துடைத்தார், தப்பு அதன் மேல்தான் என்பதுபோல.

பறவை பார்க்கும் குழுவுக்கு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்தான் தலைவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மரத்து உச்சியெல்லாம் அவருக்குப் பனிமூட்டம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார். விசில் ஊதியதும் இருவர் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பட்டியலில் ஏறும். இன்றைக்குள் ஒரு பருந்தையாவது ஏற்றாதவர்கள் அடுத்த வாரம் குளத்துக் குழுவில் வாத்து எண்ண வேண்டும்.

குளத்துக் குழுவில் எல்லாரும் குழந்தைகள். லீடர் அவளுடைய அண்ணன் மகள். வயது ஏழு.

"அத்தை, நீ வந்தா கடைசியிலதான் நிக்கணும். பேசக் கூடாது," என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

இரண்டு பருந்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே சாம்பல் முதுகு. வைரிக்குத் தொண்டை நடுவே மெல்லிய கோடு இருக்கும், குருவிப்பருந்துக்கு இருக்காது. அந்தக் கோட்டை அவள் தெளிவாகப் பார்த்திருந்தாள். ஆனால் அவள் எழுதக் குனிந்த பிறகுதான் டாக்டர் பைனாகுலரைத் தூக்கினார். நிதானமாக வேறு பார்த்தார். தினமும் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவர். தொண்டை விஷயத்தில் அவர் தப்புவாரா?

இரண்டாம் விசிலுக்கு அவள் 'குருவிப்பருந்து' என்று எழுதினாள்.

"இப்ப டாக்டர் வைரி, மேடம் குருவிப்பருந்து! என்ன, விளையாடுறீங்களா?"

"மேடம் மைக்ரோஸ்கோப்புல பார்க்கிறவங்க," என்றார் டாக்டர். "அவங்க கண்ணுக்கு முன்னாடி என் கண்ணு எம்மாத்திரம்னு மாத்திட்டேன்."

அவரே மாற்றிக்கொண்டார் என்றால் வைரியாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் விசிலுக்கு அவள் வைரிக்குத் திரும்பினாள். டாக்டர் குருவிப்பருந்துக்குத் திரும்பியிருந்தார்.

"இந்த பிளாட்பாரத்துல இருந்தவங்க அந்தப் பக்கம், அங்க இருந்தவர் இந்தப் பக்கம்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டி போயிடும், சொல்லிட்டேன். இதுதான் கடைசி விசில்."

அவர் திரும்பி விசிலைத் தேடிய நேரத்தில் டாக்டர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், இந்தத் தடவை நீங்க மாத்தாதீங்க. நான் மாத்திக்கிறேன்."

"இல்ல டாக்டர், நானே மாத்திக்கிறேனே."

"ஐயோ, ரெண்டு பேரும் மாத்தினா மறுபடி அதே கதைதான்!"

"அப்ப… வைரி?"

"வைரி. சத்தியமா?"

"நான் மரத்தையே பார்க்கப் போறதில்ல," என்றாள் அவள். குழுவில் சேர்ந்த ஆறு வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

விசில். இரண்டு நோட்டிலும் வைரி. டாக்டர் நோட்டில் அடிக்கோடு கூட இருந்தது.

"ஏறிடுச்சு!" ஸ்டேஷன் மாஸ்டர் பட்டியலில் பெரிய எழுத்தில் எழுதினார். "தன் கண்ணை நம்பணும். அதைத்தான் நான் ஆறு வாரமா சொல்றேன்."

அவள் பெருமூச்சு விட்டுப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்காரப் போனாள்.

"உட்காராதீங்கம்மா, ஈரம்," என்றார் காலையிலிருந்து அந்த பெஞ்சுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். பிரஷை டப்பாவில் வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆமா, எந்தப் பருந்தை எழுதினீங்க? கழுத்துல கோடு போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, ரெண்டும் காலையிலேர்ந்து ஒண்ணை ஒண்ணு விரட்டிட்டு அதே கிளையில மாத்தி மாத்தி உட்காருதே. நீங்க மரத்தை விட்டுட்டு நோட்டையும் ஒருத்தரை ஒருத்தரும் பார்க்கிறப்பதான் மாறுது!"