காலியாகக் கூடாத கோப்பை

கைப்பிடி மட்டும் தோர்கில்டின் விரலோடு வந்தது. கோப்பை கழுவுதொட்டியிலேயே தங்கிவிட்டது.

குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார். மனைவி எல்செபெத் உயிரோடு இருந்திருந்தால் முதலில் தண்ணீரை நிறுத்தச் சொல்லியிருப்பாள். நிறுத்தினார்.

கரும்பழுப்பில் நீலம் ஓடும் மெருகு. பூ கிடையாது, பொன் விளிம்பு கிடையாது. பார்த்தால் ஒன்றுமே இல்லாத கோப்பை. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் அவருடைய மாமியார் பார்ன்ஹோல்ம் தீவுக்குக் கப்பலேறிப் போய், பட்டறை வாசலில் காத்திருந்து ஒரு செட்டாகவே வாங்கி, எல்செபெத்தின் கல்யாணத்துக்குக் கொடுத்தார். மூத்தவள் வீபெகேவுக்கு வாய்த்தது ஒரு விளக்கு. பட்டறையை மூடி வெகுகாலம் ஆகிறது. வீபெகேவின் மனக்குறைதான் இன்னும் மூடவில்லை.

எல்செபெத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, இதே மேசையில் காப்பியைத் தொடாமலே வீபெகே சொன்னாள்:

“உன்னை நம்பி இதுங்களை விட முடியாது, தோர்கில்ட். ஒண்ணே ஒண்ணு உடைஞ்சாலும் சரி, மிச்சத்தை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். எங்க அம்மாவோடது.”

அவர் தலையாட்டினார். அன்று யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வரும் ஞாயிறு எல்செபெத்தின் பிறந்தநாள். வீபெகேவும் அவள் புருஷன் ஓவேவும் காப்பிக்கு வருவார்கள். அலமாரியில் ஒரு கோப்பை குறைந்தால், பல் விழுந்த வாய் மாதிரி நுழையும்போதே தெரியும். தோர்கில்ட் அதை நினைத்துப் பார்த்தார். காலையில் எழுந்து, காப்பி போட்டு, அந்தச் சூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்வது ஒன்றுதான் அவருடைய நாளில் மாறாமல் மிஞ்சியிருந்தது. அலமாரி காலியாகிவிட்டால் இது சமையலறையாக இருக்காது. அடுப்பு இருக்கிற ஓர் அறையாக இருக்கும்.

பசை போட்டு ஒட்டினார். கைப்பிடி ஒட்டியது, கட்டைவிரலும் ஒட்டியது. விரலைப் பிய்த்து எடுத்தபோது கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ கூப்பிடுவது போல நின்றது. பரவாயில்லை, தாங்குகிறதா பார்ப்போம் என்று கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றித் தூக்கினார். பசை சூட்டில் இளகியது. கோப்பை மேசையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. காப்பி மேசை முழுக்க ஓடியது.

அது சாதாரண மேசை இல்லை. வார்னிஷ் காணாத வெள்ளை மரம். மாதாமாதம் சோப்பு நீரால் தேய்த்துத் தேய்த்து எல்செபெத் அதைப் பால் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். இப்போது நடுவில் ஒரு பெரிய கறை. துணியால் துடைத்தார், போகவில்லை. சோப்பால் தேய்த்தார், பரவியது. உப்புத்தாளை எடுத்து வந்து தேய்த்தார். கறை போயிற்று. அந்த இடத்தில் மேசைக்கு வழுக்கை விழுந்திருந்தது.

அதை மறைக்க ஒரு விரிப்பைத் தேடி எடுத்துப் போட்டார். எல்செபெத் ஒருநாளும் விரிப்பு போட்டதில்லை என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் ஊரான ஹெல்சிங்கோரில் பழைய பாத்திரக் கடை ஒன்று உண்டு. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் வீபெகேவோடு தேவாலயத்தில் பாடுகிறவள். அங்கே கோப்பையைக் கேட்டால், அவர் வீடு திரும்புமுன் வீபெகே தொலைபேசியில் இருப்பாள். எனவே உடைந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, படகேறி எதிர்க்கரை ஸ்வீடனுக்குப் போனார்.

அங்கே இருந்தது. அதே மெருகு, அதே மெல்லிய விளிம்பு, கையில் அதே கனம். துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரட்டைப் பிள்ளைகள். திருப்பி அடியைப் பார்த்தார். துண்டில் பார்ன்ஹோல்ம் பட்டறையின் மீன் முத்திரை. இதில் ‘ஸ்வீடன்’ என்று கொட்டை எழுத்து.

“டென்மார்க்காரரா?” என்றாள் கடைக்காரி.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எங்க ஊர்க்காரங்க கப்பை உள்ளே பார்ப்பாங்க, விரிசல் இருக்கான்னு. நீங்கதான் எடுத்ததும் கவுத்துப் பார்ப்பீங்க.”

அதுதான் ஆபத்து. வீபெகே யார் வீட்டுக்குப் போனாலும், கடைசி வாய் காப்பி தொண்டையில் இறங்கும் முன்பே கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்கிறவள். மருத்துவமனையில் கொடுத்த கோப்பையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள்.

படகில் திரும்பும்போது தோர்கில்ட் முடிவு செய்தார். ஸ்வீடன் கோப்பையைத் தன் இடத்தில் வைத்துக்கொள்வது. தன் கோப்பையைத் தானே கவிழ்க்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரீம் அடுக்குக் கேக் வாங்கி வைத்தார். பிறந்தநாளுக்கு வைக்கிற சின்னக் கொடியை மேசை நடுவில் நிறுத்தினார். டென்மார்க் கொடியின் நிழல் ஸ்வீடன் கோப்பைமேல் விழுந்தது. நகர்த்தி வைத்தார்.

வீபெகே உள்ளே வந்து முதலில் அலமாரியைப் பார்த்தாள். உதடு எண்ணியது. பிறகு மேசைக்கு வந்தாள்.

“இதென்ன, மேசைக்குக் குளிருதா?”

“பிறந்தநாளாச்சேன்னு விரிச்சேன்.”

“அவ விரிக்கவே மாட்டாளே.”

“கேக் நல்லா இருக்கும்போல” என்றார் ஓவே. அவர் சகலை. கல்யாணமான நாளிலிருந்து பேச்சை மாற்றுவதையே வேலையாக வைத்திருப்பவர்.

“அந்தப் பக்கம் வெயில் கண்ணைக் குத்துது. நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்” என்று சொல்லி, வீபெகே தோர்கில்டின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தோர்கில்ட் ஊற்றினார். அவள் பாதி குடித்தாள். அவர் மறுபடி ஊற்றினார். நிறைந்த கோப்பையை யாரும் கவிழ்க்க முடியாது.

“போதும்ப்பா.”

“சூடு ஆறியிருக்கும்.”

“கொதிக்குது.”

“அப்ப இன்னும் கொஞ்சம்.”

எல்செபெத்தின் பேச்சு வந்தது. சின்ன வயதில் அவள் பாலத்திலிருந்து கடலில் குதித்த கதையை வீபெகே சொன்னாள். எல்லோரும் கேட்ட கதைதான். நடுவில் அவள் குரல் கம்மியது. தோர்கில்டுக்கும் கண் மங்கியது. ஆனாலும் கூஜா தவறாமல் சரியான இடத்துக்குப் போனது. அடுப்படிக்கு எழுந்து போய் இன்னொரு கூஜா போட்டுக்கொண்டு வந்தார்.

“என்னைக் கொல்லப் பார்க்கிறியா? நெஞ்சு படபடங்குது.”

“இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டா சரியாயிடும்.”

“நீ முதல்ல கூஜாவைக் கீழே வை.”

வைத்தார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வீபெகே கோப்பையை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கவிழ்த்தாள்.

அடியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“ஸ்வீடன்” என்றாள், நோயின் பெயரைச் சொல்வது போல.

இனி மறைக்க ஒன்றுமில்லை. தோர்கில்ட் எல்லாவற்றையும் சொன்னார்: கைப்பிடி, பசை, படகு. விரிப்பைத் தூக்கி வழுக்கையையும் காட்டினார்.

“உடைஞ்சது ஒண்ணுதான், வீபெகே. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போகணும்னா... ஒண்ணை மட்டுமாவது எனக்கு விட்டுட்டுப் போ.”

வீபெகே ஓவேயின் கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். ஓவே அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“அதை விடேன்.”

“கையை எடு.”

எடுத்தார். அவள் கவிழ்த்தாள். ஸ்வீடன். தோர்கில்ட் தன் கையிலிருந்ததைக் கவிழ்த்தார். ஸ்வீடன். வீபெகே எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். எங்கும் மீனைக் காணோம்.

“ஓவே” என்றாள் திரும்பாமலே. “உனக்கு இது தெரியும்.”

“ஒவ்வொண்ணு உடையறப்பவும் நான்தான் எல்செபெத்தைப் படகுல கூட்டிட்டுப் போவேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தா.”

“மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவியே.”

“என்னைக்காவது மீன் கொண்டுவந்தேனா?”

வீபெகே நாற்காலியில் வந்து விழுந்தாள். நெற்றியைத் தேய்த்தாள்.

“இங்க வந்துட்டுப் போனா ஒரு நாளும் எனக்குத் தூக்கம் வந்ததில்ல. இதானா? குடிக்கக் குடிக்க ஊத்துவா. என்மேல எவ்வளவு பாசம்னு நினைச்சுப்பேன்.” அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தோர்கில்டுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. “நீயே வச்சுக்கப்பா எல்லாத்தையும். ஸ்வீடன் சாமானை நான் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேன்.”

தோர்கில்ட் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு ஏதோ உறுத்தியது. உள்ளே போய்க் கைக்குட்டையை எடுத்து வந்து பிரித்தார். துண்டின் அடியில் மீன் தெளிவாக இருந்தது.

“அப்ப நான் உடைச்சது?”

ஓவே கேக் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அசல்னு மிஞ்சினது அது ஒண்ணுதான், சகலை, அதை உன் இடத்தைத் தவிர வேற எங்கேயும் அவ வச்சதே இல்ல.”