என் பெயரில் ராஜபாண்டியின் ரத்தம்

கல்யாண நாளன்று துணி எடுக்கலாம் வாங்க என்று கூட்டிப்போய் ரத்தம் எடுத்துவிட்டாள் என் மனைவி.

நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருப்பவனை யாராவது துணி எடுக்கக் கூப்பிடுவார்களா? அதுவும் காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றில்? "கூட்டம் வர்றதுக்குள்ள போயிரலாமுங்க" என்றாள் சித்ரகலா. இருபத்தெட்டு வருஷமாக அந்த 'ங்க'வில்தான் நான் விழுந்துகொண்டிருக்கிறேன். எங்கள் கொங்கு நாட்டு மரியாதை அப்படி. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் "கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவோம்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை இல்லை. கொழுப்பு நார்மல். நான் நெஞ்சை நிமிர்த்திச் சித்ரகலாவைப் பார்த்தேன். அதற்குள் டாக்டர் அனுப்ரியா அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"கொழுப்பு சரியா இருக்குதுங்க. ஆனா சிஆர்பின்னு ஒண்ணு பாத்தோம். அது நாலு பாயிண்ட் எட்டு இருக்குது. மூணைத் தாண்டினா நாங்க கொஞ்சம் யோசிப்போம்."

"அதென்னங்க அது?"

"உள்ள எங்கயோ அழற்சி இருக்குன்னு சொல்ற நம்பருங்க. காயம் பட்டா செவந்து வீங்குதில்லீங்களா? அதே மாதிரி ரத்தக்குழாய்ச் சுவத்துலயும் நடக்கும். கொஞ்சம் கொழுப்பு போய்ச் சுவத்துல ஒதுங்குது. எதிர்ப்புச் சக்திச் செல்லு அதைத் திருடன்னு நெனச்சுப் பிடிக்க வருது. வந்தது சும்மா நிக்காது. சிக்னல் அனுப்பி இன்னும் பத்துச் செல்லைக் கூப்பிடும். பத்து நூறைக் கூப்பிடும். கூட்டம் சேரச் சேரச் சுவரு வீங்கும். ஒரு நாள் அது வெடிச்சு ரத்தம் கட்டிக்கிச்சுன்னா, அதுதான் அட்டாக்."

"எங்க யூனிட்ல ஒரு செல்லுக்கும் சிக்னல் கெடைக்கறதில்ல. உள்ள மட்டும் எப்படிங்க கெடைக்குது?"

டாக்டர் சிரித்தார். சித்ரகலா சிரிக்கவில்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"உட்டு நாலு வருஷமாச்சுங்க."

"பல்லு, ஈறுல தொந்தரவு? ஈறுல சீழ் இருந்தாலும் இந்த நம்பர் ஏறும்."

"இரும்புப் பல்லுங்க."

வாசகர்களிடம் எதை மறைப்பது? யூனிட்டின் ஜெனரேட்டர் அறையில் தினம் ஐந்து சிகரெட். இடது கடைவாய்ப் பல்லோ மூன்று மாதமாக என் வாயில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. முறுக்கைக் கண்டால் நானே வலது பக்கம் ஒதுங்கிக்கொள்வேன். பல் டாக்டர் என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

டாக்டர் சித்ரகலாவைப் பார்த்தார். சித்ரகலா டாக்டரைப் பார்த்தாள். இவர்களுக்குள் என்ன சிக்னல்?

"சளி, காய்ச்சல் வந்தாக்கூட இது ஏறுமுங்க. அதனால ஒரு தடவை பாத்து முடிவு பண்ண முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துருவோம்" என்றார் டாக்டர்.

காரில் வரும்போது, "கொழுப்பு நார்மல்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"எங்கண்ணனுக்கும் நார்மல்தானுங்க."

என் மச்சான் சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். போன தை மாதம் இரண்டு தறிக்கு நடுவில் நெஞ்சடைத்து விழுந்தவர் எழவேயில்லை. ஐம்பத்தொரு வயது. கொழுப்பு நார்மல் என்ற ரிப்போர்ட் சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்றைக்கே சிகரெட்டை விட்டுப் பல்லைப் பிடுங்கியிருந்தால் நான் நல்ல மனிதன். ஆனால் நான் யோசித்தது வேறு. சிகரெட்டை விடுவது கஷ்டம். பல்லைப் பிடுங்குவது அதைவிடக் கஷ்டம். ரத்தத்தை மாற்றுவது சுலபம்.

எங்கள் யூனிட்டில் பண்டல் தூக்குகிறவன் ராஜபாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். இருபத்தெட்டு வயது. தோளுக்கு ஒன்றாக இரண்டு பண்டலைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்து, மூச்சு வாங்காமல் பாட்டுப் பாடுவான். பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது. அவன் மனைவி நதியா அதே யூனிட்டில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். அவனை ஜெனரேட்டர் அறைக்குக் கூப்பிட்டேன்.

"ராஜபாண்டி, எனக்குக் கொஞ்சம் ரத்தம் வேணும்டா."

"யாருக்கு மொதலாளி அடிபட்டுட்டு?"

"எனக்குத்தான். இன்னும் படல. உங்க சித்ரகலாக்கா கைக்கு ரிப்போர்ட் போனா படும்."

விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"இது தப்பில்லியா மொதலாளி?"

"தப்புதான். அதனாலதான் யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

வீட்டில் போய், "ஷிப்மெண்ட் நெருக்குது அம்மிணி. ரத்தம் எடுக்கற புள்ளைய யூனிட்டுக்கே வரச் சொல்லீரு" என்றேன்.

"சரிங்க" என்றாள் சித்ரகலா.

எனக்குத் திக்கென்றது. பின்னால் ஒரு 'ஆனா' வராத 'சரிங்க'வை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலை லேபிலிருந்து ஆஷா என்ற பெண் வந்தாள். என் நாற்காலியில் ராஜபாண்டி, என் சட்டையில். அந்தச் சட்டையின் பட்டன் எந்த நேரமும் தெறிக்கலாம். நான் அயர்னிங் டேபிளில் முதுகைக் காட்டிக்கொண்டு டி-ஷர்ட் மடித்தேன்.

"லிங்கசாமி சார் நீங்களா?"

"ஆமாங்... ங்க" என்றான் ராஜபாண்டி. ஒரு 'ங்க' அதிகமாகிவிட்டது.

"வயசு அம்பத்தி நாலா?"

"அப்படித்தான் சொல்லுதாவ... சொல்றாங்க."

"பாத்தா தெரியலையே சார்!"

"சாயம்" என்று தலைமுடியைத் தடவிக் காட்டினான்.

திருப்பூரில் சாயம் என்றால் எதையும் நம்புவார்கள். ஆஷா ஊசியை எடுத்தாள். இரண்டு பண்டல் தூக்குகிற வீரன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "எம்மா!" என்று அலறினான்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எந்த ஃபாரத்திலும் என் பெயருக்கு நேராக சித்ரகலாவின் நம்பர்தான் இருக்கும். அதனால் அவள் போனுக்கு வந்தது. நான் டீ டம்ளரோடு அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணாடியை மாட்டினாள். படித்தாள். முகம் மாறியது.

"என்ன வந்திருக்குது?"

"லிங்கசாமி. ஆண். அம்பத்தி நாலு..."

"அது எனக்கே தெரியும். நம்பரைச் சொல்லு."

"எட்டு இருபதுன்னு போட்டிருக்குதுங்க."

டீ புரை ஏறியது.

"எட்டு இருபதா! இருக்கவே இருக்காது!"

"ஏனுங்க இருக்காது?"

"இல்ல... அது வந்து..."

"உங்க ரத்தந்தானுங்களே?"

"பின்ன யாரோடது?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்."

போனை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் ரத்தமில்லை என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அது என் ரத்தம். எப்படிப் போனாலும் நான்தான் நோயாளி.

நிஜமான பயம் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டது. சிகரெட்டைத் தொடாத இருபத்தெட்டு வயதுக்காரனுக்கே எட்டு இருபது என்றால், தினம் ஐந்து ஊதுகிற எனக்கு என்ன இருக்கும்? போன தடவை வந்த நாலு பாயிண்ட் எட்டு, மெஷின் என் வயதுக்குக் கொடுத்த மரியாதையாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் காலை சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். யாரும் சொல்லாமல், நானாக.

பத்து மணிக்குச் சித்ரகலா என்னைப் பல் டாக்டர் முன்னால் உட்காரவைத்து, "இடது கடைவாய்ப் பக்கம் பாருங்க சார்" என்றாள். இடது என்று இவளுக்கு யார் சொன்னது? கேட்பதற்குள் வாயில் மரப்பு ஊசி போட்டுவிட்டார்கள். பல் வந்தது. அதோடு ஒரு கரண்டி சீழும் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இரும்புங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

யூனிட்டில் எனக்கு இன்னொரு பாரம். என்னால் ராஜபாண்டியிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

"ராஜபாண்டி, நெஞ்சு வலிக்குதாடா?"

"மொதலாளி கேட்டப்புறம் லேசா வலிக்கி."

"பண்டலைக் கீழ வை! உக்காரு!"

அன்றிலிருந்து அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு பீஸ் கணக்குச் சொன்னான். நான் பண்டல் தூக்கினேன். முதல் நாள் அரை மாடி. ஒரு மாதத்தில் மூன்று மாடி. பெரிய டாக்டரிடம் காட்டலாம் வாடா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். "ரெஸ்ட் எடுத்தாலே சரியாயிரும் மொதலாளி" என்று மறுத்துவிட்டான். எந்த நோயாளி இவ்வளவு உற்சாகமாக ரெஸ்ட் எடுப்பான்? நான் பண்டலோடு போகும்போதெல்லாம் செக்கிங் டேபிளில் பேச்சு நின்றுவிடும். நதியா டி-ஷர்ட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். டி-ஷர்ட் மட்டும் குலுங்கும்.

எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம். ஆனால் என்ன சந்தேகம் என்றுதான் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை வீட்டில், சித்ரகலாவின் கண் முன்னால், என்னுடைய கையில். ரிப்போர்ட்டோடு டாக்டர் அனுப்ரியாவிடம் போனோம். அவர் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஒண்ணு பாயிண்ட் நாலு! பிரமாதமுங்க. கெட்ட பல்லு போச்சு, சிகரெட் போச்சு, எடை ஏழு கிலோ கொறைஞ்சிருக்குது. உள்ள இருந்த கூட்டம் கலைய ஆரம்பிச்சிருச்சு. நாலு பாயிண்ட் எட்டுல இருந்து இவ்வளவு கீழ வர்றது சாதாரணமில்லீங்க."

"எட்டு இருபதுல இருந்துங்க டாக்டர்" என்று பெருமையாகத் திருத்தினேன்.

"எது எட்டு இருபது? ரெண்டாவது தடவை நீங்க ரத்தமே குடுக்கலையாம். மேடம் அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லீட்டாங்களே?"

சித்ரகலா பதறாமல் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். லிங்கசாமி. ஆண். 54. ரத்தம் எடுத்த நேரம் 8.20. அதற்குக் கீழே, சிஆர்பி 0.5.

"எட்டு இருபதுன்னு நீதான சொன்ன?"

"நம்பரைச் சொல்லுன்னீங்க. மொதல்ல இருந்த நம்பரைச் சொன்னேன். அதுக்குள்ள உங்களுக்குப் புரை ஏறிருச்சுங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டரைக்கு ராஜபாண்டி கையில பஞ்சு ஒட்டியிருக்கறதை நதியா பாத்துட்டா. அவ கேட்டதும் அவன் எல்லாத்தையும் கொட்டிட்டானுங்க. எட்டே முக்காலுக்கு எனக்குப் போன் வந்துருச்சுங்க. சிகரெட், கடைவாய்ப் பல்லு எல்லாம் அதே போன்லதான்."

"அப்ப ராஜபாண்டி நெஞ்சு வலி?"

"அது நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"மூணு மாசமா அவன் தூக்கவேண்டிய பண்டலை நான் தூக்கியிருக்கேன்!"

"அதான் தொப்பையைக் காணோமுங்க."

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது.

கோபமாக வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது சித்ரகலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் போனப்ப பட்டதே போதுமுங்க. இன்னொரு தடவை என்னால ஆகாது" என்றாள். குரலில் 'ங்க' இருந்தது. ஆனால் தந்திரம் இல்லை. என் கோபம் இரண்டு படி இறங்குவதற்குள் இறங்கிவிட்டது.

ஆனாலும் ஒரு குடும்பத் தலைவனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"இவ்வளவு நாடகம் எதுக்கு அம்மிணி? நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?"

"கேட்டிருப்பீங்களா?"

"சத்தியமா. இனிமே எதா இருந்தாலும் நேராவே சொல்லு. மறுபேச்சுப் பேசினா என்னன்னு கேளு."

"அப்படீங்களா? வலது பக்கமும் ஒரு பல்லு எடுக்கோணும்னு பல் டாக்டர் அன்னைக்கே சொன்னாருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கறேன்."

அதற்கு நான் வாயைத் திறந்தது மறுநாள் காலை பத்து மணிக்குத்தான்.