யாரு மாதிரியும் இல்லாத சங்குமுத்து

“ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க நம்ம உப்பு முதலாளி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி வாராக”ன்னு அற்புதமணி சார் சொன்னதும் வகுப்பு பூரா கை தட்டுச்சு. செல்வதுரைக்குக் கை எழும்பல. பயம் வந்தா சட்டைப் பொத்தானத் திருகுவான், அன்னைக்கும் திருகுனான்.

விழா நாடகத்த எழுதுனதே அவன்தான். அதுல சவடால் சங்குமுத்துன்னு ஒருத்தன். கடல்ல கால நனைச்சதில்ல. ஆனா, “முத்துக்குளிக்கப் பத்தாளு ஆழம் போனேன், சுறாவோட கன்னத்துல ஒண்ணு வச்சேன்”னு பீத்துவான். பேசப் பேச வெள்ளிப்பூண் கைத்தடியத் தரையில தட்டுவான்.

அண்ணாச்சியும் அப்படித்தான் பீத்துவாரு, அப்படித்தான் தட்டுவாரு. அப்பாவுக்குச் சோறு கொண்டு போறப்ப, அவரு உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கியில ஒரு மூட்டைக்குப் பின்னால நின்னு பாத்து எழுதுனது. அப்பாவுக்கு வேலையே அந்தக் கிட்டங்கியிலதான். யுத்த காலம். அந்த வேலையும் போச்சுன்னா வீட்டுல உலை கொதிக்காது.

சங்குமுத்து வேசம் மனுவேலுக்கு. செல்வதுரை அவன்கிட்ட ஓடுனான்.

“ஏலே, கைத்தடி வேண்டாம். குடை வச்சுக்க.”

மனுவேல் குடைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு நாலெட்டு நடந்தான். ஒத்திகை பாத்த பயலுவ, “அற்புதமணி சாரு!”ன்னு கத்துனானுவ.

செல்வதுரை பாஞ்சு குடையப் புடுங்குனான். பரீட்சைக்கு அனுப்புததும் அனுப்பாததும் அவரு கையில.

“குடையும் வேண்டாம்லே! வெத்தலயப் போட்டு ஓரமாத் துப்பு.”

“அது ஏட்டு நல்லக்கண்ணுல்லா! விழாவுக்கு வாசல்ல நிக்கப் போறதே அவருதான்.”

செல்வதுரை கண்ணுக்கு லாக்கப்பு கம்பி தெரிஞ்சுது. வெத்தலையும் வேண்டாம்னுட்டு, நோட்ட வாங்கிக் கோடு போட்டுக் கைத்தடிய அடிச்சான், முத்துக்குளிக்கத அடிச்சான், சுறாவையும் அடிச்சான்.

“சுறா யாரு மாதிரிலே இருக்கு? அதயாவது விடேன்.”

“சுறாக் கதை அண்ணாச்சி சொல்லுததுலே!”

அதுவும் பத்தாதுன்னு, சங்குமுத்து பேசுத ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால, ‘அப்படி நான் சொல்லல’ன்னு ஒண்ணு சேத்து எழுதுனான்.

மனுவேல் நோட்டப் பொரட்டுனான். “எல்லாத்தையும் அழிச்சிட்டா எத வச்சுலே நடிக்க?”

“என்னத்தையாவது செய்யி. அண்ணாச்சி மாதிரி இருக்கப்படாது, சாரு மாதிரி இருக்கப்படாது, ஏட்டு மாதிரி இருக்கப்படாது. அம்புட்டுதான்.”

மனுவேல் அவன மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தான். “சரிலே. நான் பாத்துக்கிடுதேன்.”

விழா அன்னைக்கு மனுவேல் மேடையில வந்து நின்னு, முழிச்சு, எச்சி முழுங்கி, சட்டைப் பொத்தானத் திருகி, “அப்படி நான் சொல்லல”ன்னான். கூரை பிஞ்சுரும் போல சிரிப்பு. அற்புதமணி சாரு குடையக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாரு. ஏட்டையா வெத்தலச் சாறு புரையேறி இருமுனாரு.

திரைக்குப் பின்னால நின்ன செல்வதுரைக்கு மனுவேலோட முதுகுதான் தெரிஞ்சுது. ‘பாவி, யாரச் செய்யுதான்? யாரு குடிய கெடுக்குதான்?’ பொத்தானத் திருகுத திருகுல அது பிஞ்சு கையோட வந்துருச்சு.

நாடகம் முடிஞ்சதும் டொக்கு டொக்குன்னு கைத்தடிச் சத்தம். அண்ணாச்சியேதான். பின்னாலயே அப்பா, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு.

“ஏலே, எழுதுனது நீதானா?”

செல்வதுரை முழிச்சான். எச்சி முழுங்குனான். பொத்தான் இல்லாத எடத்துல வெரல் திருகுச்சு.

“அண்ணாச்சி... அப்படி நான் எழுதல...”

அண்ணாச்சி கண்ணுல தண்ணி வரச் சிரிச்சு, அப்பா முதுகுல ஒண்ணு போட்டாரு.

“மேடையில பண்ணுனது பத்தாதுன்னு இங்கனயும் பண்ணிக் காட்டுதான் பாரும்! அடுத்தவன நக்கல் பண்ண எந்தப் பயலுக்கும் வரும்; தன்னையே மேடையில ஏத்தி இந்தக் கிழி கிழிக்க என்னா துணிச்சல்! இப்படிப் பயம்னா என்னன்னே தெரியாத ஒரு பயல நான் பாத்ததே இல்லவே!”