சகலைக்கு: உங்கள் இன்ஜின் இப்போது என் வண்டியில்

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

உங்கள் வீட்டுப் பின்புறம் நின்றுகொண்டிருந்த பிக்அப் வண்டியின் இன்ஜினைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டேன். நன்றாக ஓடுகிறது.

விஷயத்தைச் சொல்லியாயிற்று. இனி முறைப்படி விசாரிக்கிறேன். கப்பலில் தங்கள் உடல்நலம் எப்படி? சமையலறையில் அடுப்பு ஆடாமல் நிற்கிறதா? உங்கள் கைப்பக்குவத்தில் அங்குள்ள மாலுமிகள் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பார்கள். இங்கே உங்கள் வீட்டம்மா நலம், என் வீட்டம்மா நலம். அக்காவும் தங்கையும் தினமும் போனில் நம் இருவரையும் திட்டிக்கொள்வதால் மிகவும் நலம். உங்களுக்கும் போன் போட்டுப் பார்த்தேன். நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்மணி ஒவ்வொரு தடவையும் சொன்னார். அவரிடம் இன்ஜின் விவகாரம் பேச முடியாது என்பதால் கம்பெனி விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். இது மன்னிப்புக் கடிதம் இல்லை, நன்றிக் கடிதம்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு விடியற்காலையில் முட்டைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு பெரிய பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேம்பாலம் ஏறும்போது வண்டிக்குள் யாரோ இரும்புச் சட்டியைப் போட்டு உடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு புகை, அப்புறம் ஒன்றுமே இல்லை. பின்னால் வந்தவர்கள் என் பரம்பரையை விசாரித்தார்கள். நம் மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் 'பாத்துக்கலாம்' என்பாரே, அதனால் அதுவே பெயராகிப்போனவர். பாத்துக்கலாம் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, "அண்ணே, உள்ள இருக்க வேண்டியது வெளிய எட்டிப் பாக்குது" என்றார். இன்ஜின் பக்கவாட்டில் கைவிரல் நுழையும் ஓட்டை. "சரி பண்ண முடியுமா?" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை. "வேற இன்ஜின்தான்ணே. ஆனா இந்த வண்டிக்கு இன்ஜின் கிடைக்காது, கம்பெனியே மறந்துபோன வண்டி இது" என்றார்.

புது வண்டி வாங்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லோரும் கேட்டார்கள். பேக்கரியின் பின்வாசலில் சரக்கு இறக்கும் இடத்துக்கு மேலே ஒரு தாழ்ந்த உத்தரம் இருக்கிறது. இப்போது வருகிற பிக்அப் எல்லாம் பணக்கார வீட்டுப் பையன் மாதிரி உயரமாக வளர்ந்திருக்கின்றன, தலை இடிக்கும். நம் வண்டிதான் ஒரு சாண் இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதுவும் தொட்டில் மாதிரி போகும், மேலே இருக்கிற முட்டைக்குத் தான் பயணம் செய்வதே தெரியாது. ஒரு நாள் வாடகை வேனில் அனுப்பிப் பார்த்தேன். பேக்கரி வாசலில் கதவைத் திறந்தார்கள், மஞ்சள் கரு தானாகப் படியிறங்கி வந்ததாம். பேக்கரி முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "முட்டைக்காரரே, முட்டையை உடைக்கிற வேலைக்கு இங்க ஆள் வச்சிருக்கேன், அதை நீங்க பண்ணிக் கொண்டாற வேண்டாம். வர்ற ஒன்னாம் தேதிலேர்ந்து உங்க சொந்த வண்டில, முழு முட்டையா வரணும். வரலைன்னா சிரிச்சமுகத்துக்குச் சொல்லிடுவேன்" என்றார். சிரிச்சமுகம் யாரென்று உங்களுக்குத் தெரியும், எனக்கு எதிர்க்கடை போட்டிருக்கும் அந்த ஆள்தான். என் வியாபாரத்தில் பாதி அந்த ஒரு பேக்கரி. அது போனால் நான் திரும்பவும் சைக்கிள் கேரியரில் தட்டைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டியதுதான். இந்த வயசில் முட்டை தாங்கும், முட்டி தாங்காது.

அதனால் பழைய இரும்புக் கடைத் தெருவுக்கு இன்ஜின் தேடிப் போனேன். தனியாகத்தான் போனேன். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரனிடம் கமிஷன் அடிப்பான் என்பது என் அனுபவம், அல்லது நான் மெக்கானிக்காக இருந்தால் அடித்திருப்பேன் என்பது என் அனுபவம். தெரு முழுக்க இன்ஜின்கள், வண்டியில்லாத கதவுகள், கதவில்லாத வண்டிகள். டயர் அடுக்கின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒரு இன்ஜினைக் காலால் தொட்டுக் காட்டினார். "அதே கம்பெனி, அதே வண்டி, நாலு வருஷம் பின்னாடி வந்தது, அவ்வளவுதான். கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆளா நான்? கயிறு போட்டு நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், உயரம் அளந்தேன், மூன்றும் என் செத்துப்போன இன்ஜினோடு அச்சாகப் பொருந்தின. முட்டைக்குள் பார்க்கிற டார்ச்சை ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். முட்டையாக இருந்தால் கூழா நல்லதா என்று சொல்லியிருப்பேன். இன்ஜினுக்குள் இருட்டாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலையை ஆட்டினேன், அப்போதுதான் விஷயம் தெரிந்த ஆள் என்று விலையைக் குறைப்பான்.

விலை படிந்ததும் என் வழக்கப்படி அடையாளம் போட்டேன். என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, எந்தச் சரக்கைத் தேர்ந்தெடுத்தாலும், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அதை மாற்றி வேறொன்றை அனுப்பிவிடக் கூடாது என்று என் அடையாளத்தைப் போட்டுவிட்டுத்தான் வருவேன். நீள்வட்டமாக ஒரு முட்டை, நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அட்டை என்றால் பேனா, மரம் என்றால் கத்தி, இரும்பு என்றால் உளி. தட்டித் தட்டி ஆழமாகப் போட்டேன். கடைக்காரர் டயர் மேலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். "என்ன சார், ஒரு சந்தேகமும் இல்லையே?" என்றார். "எனக்கா?" என்றேன்.

மறுநாள் பாத்துக்கலாம் அதை வண்டிக்குள் இறக்கினார். நீள அகலம் எல்லாம் சரி, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தது. அப்புறம் இன்ஜினின் முதுகை கியர்பாக்ஸோடு சேர்க்கப் போனார், சேர்க்கப் போனவர் அப்படியே நின்றார். "அண்ணே, முதுகுப் பக்கம் அளந்தீங்களா?" என்றார். நான் அளந்தது மூன்று பக்கம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன் முகத்தைத்தானே பார்ப்பான்? இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் வரிசையாகப் போல்ட் ஓட்டைகள் இருக்குமாம், நாலு வருஷத்தில் கம்பெனிக்காரன் யாரையும் கேட்காமல் அவற்றை இடம் மாற்றிவிட்டான். மூன்று ஓட்டைதான் நேருக்கு நேர் நின்றது, மற்றதெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்தது. "மூணுல மாட்டினா ஓடாதா?" என்று கேட்டேன். "ஓடும்ணே. இன்ஜின் முன்னாடி ஓடும், வண்டி பின்னாடி நிக்கும்" என்றார். பிறகு, "என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா முதுகைத்தான்ணே முதல்ல பாத்திருப்பேன், கமிஷனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் நல்ல மனுஷன், எடுத்துக்கொள்வதற்குத் தயாராகத்தான் இருந்தார். இன்ஜினைத் தடவிப் பார்த்தவர் கை என் அடையாளத்தில் வந்து நின்றது. "சார், கன்னத்துல அடுத்தவன் பேரைப் பச்சை குத்தின மாப்பிள்ளைய எந்த வீட்டுல எடுப்பான்? களவு சாமான்னு நினைப்பான். உங்க முட்டையை நீங்களே வச்சுக்குங்க" என்று திரும்பவும் டயர் மேல் ஏறிவிட்டார். அந்த இன்ஜின் இப்போது என் கோடவுன் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த கதவு முட்டு என்னுடையதுதான்.

ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சிரிச்சமுகம் பேக்கரி வாசலில் நின்று காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து என் வீட்டம்மா, "ஏங்க, ஊரெல்லாம் தேடறீங்களே, எங்கக்கா வீட்டுப் பின்னாடி நிக்கிறது என்னவாம், ஆட்டுக்கல்லா?" என்றாள். சகலை, சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் வண்டியை மறந்தே போய்விட்டேன். நீங்கள் கப்பலுக்குப் போன நாளிலிருந்து அது தார்ப்பாய்க்குள் நிற்கிறது, அதன் மேல் உங்கள் வீட்டம்மா துணி உலர்த்துகிறார். நான் அதைக் கொடிக்கம்பம் என்றே நினைத்துப் பழகிவிட்டேன். நீங்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுதானே எனக்குக் கொடுத்தது, இன்னொன்று இதுதானே!

பாத்துக்கலாமை இந்தத் தடவை கையோடு கூட்டிக்கொண்டு போனேன். முகப்பு மூடியைத் தூக்கினோம். இன்ஜின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காலமெல்லாம் முட்டை விற்ற என்னை அது ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், கடன்காரனைப் பார்க்கிற பார்வை. உங்கள் வீட்டம்மா கூடையும் வைக்கோலும் கொண்டுவந்து கோழியை நாசூக்காக இடம் மாற்றினார். மெக்கானிக் கையால் சுற்றிப் பார்த்து, "இறுகலைண்ணே, சுத்துது. முதுகும் சரியா இருக்கு. பாத்துக்கலாம்!" என்றார். அந்தச் சொல்லை மறுபடி கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா, சகலையைக் கேக்காம எடுக்கறது முறையில்ல" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உங்கள் வீட்டம்மா சொன்னது: "வண்டி அவர் பேருல இருக்கு தம்பி, அது நிக்கிற இடம் என் பேருல இருக்கு. நீங்க பேச வேண்டியது என்கிட்டதான்." பேசினோம். நான் கோழிப்பண்ணை முதலாளிகளிடம் பேரம் பேசி வளர்ந்தவன், ஆனால் அவர் முன்னால் பள்ளிக்கூடப் பையனாகிவிட்டேன். இன்ஜின் ஓடுகிற காலம் வரைக்கும் வாரம் இரண்டு தட்டு முட்டை வீட்டுக்கு வந்து சேர வேண்டும், மிச்ச வண்டியை நான் என் செலவில் அப்புறப்படுத்த வேண்டும், கோழிக்குப் புதுக் கூண்டு ஒன்று. "பொரிக்கிற குஞ்செல்லாம் யாருக்கு?" என்று கேட்டேன், எதையாவது கேட்டு வைப்போமே என்று. "கோழிக்கு" என்றார். ஒத்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் உளியை எடுத்தேன். என் வீட்டம்மா முழித்த முழியில் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன், சொந்தக்காரர் சரக்கில் அடையாளம் போடுவது மரியாதை இல்லையாம்.

ஒன்றாம் தேதி விடியும்போது பேக்கரி உத்தரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு போய் நின்றேன். ஒரு முட்டை உடையவில்லை. முதலாளியம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "வண்டி சத்தமே மாறிப்போச்சே, புதுசா?" என்றார். "எங்க சகலை கொடுத்தது" என்றேன். சிரிச்சமுகம் அன்று சிரிக்கவில்லை.

சகலை, நான் வெளிப்படையாகப் பேசுகிறவன், முகஸ்துதி வராது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சைக்கிளில் முட்டை விற்றபோது, இவனை நம்பி வண்டி கொடுக்கலாமா என்று குடும்பமே யோசித்தது. நீங்கள் ஒருவர்தான் சாவியைக் கையில் வைத்து, "ஓட்டி ஓட்டிக் காசைக் கொடு" என்றீர்கள். அன்றைக்கு வண்டி கொடுத்தவர் நீங்கள், இன்றைக்கு அதற்கு உயிர் கொடுத்தவரும் நீங்கள். என் வீட்டில் உலை கொதிக்கிற வரைக்கும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்போம். கடல் அமைதியாக இருக்கட்டும், அலை பெரிதாக வந்தால் பாத்திரங்கள் நனையட்டும், நீங்கள் நனைய வேண்டாம். கேப்டனுக்கு என் வணக்கம் சொல்லவும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் இளைய சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாத்துக்கலாம் கூப்பிட்டனுப்பினார். ஷெட்டில் வண்டியை நிறுத்தி இன்ஜினை டீசல் ஊற்றிக் கழுவியிருக்கிறார், கோழி எச்சமும் பழைய எண்ணெயும் போய் இரும்பு தெரிகிறது. "அண்ணே, அண்ணி வேண்டாம்னு சொல்லியும் முட்டையைப் போட்டுட்டீங்களே" என்றார். "நான் எங்கய்யா போட்டேன்?" என்று குனிந்து பார்த்தேன். என் முட்டைதான். நடுவில் என் குறுக்குக் கோடுதான். உளி வெட்டெல்லாம் பழசாகி, துருவேறிக் கிடந்தது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வண்டி பார்க்க வந்தபோது நீங்கள் எனக்காகத் தேநீர் எடுத்துவர உள்ளே போனீர்கள். அந்த இடைவெளியில் இன்ஜினில் அடையாளம் போட்டேன். வண்டியை எடுத்த அன்று அடையாளத்தைத் தேடிப் பார்க்கவில்லை, சகலை ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். நான் அடையாளம் போட்டுவிட்டுத் தேடாமல் விட்ட ஒரே சரக்கு அதுதான். ஆக, நான் பார்த்து வைத்த நல்ல இன்ஜினை இரட்டைப் பிள்ளைகளில் மற்றதற்கு மாற்றிவிட்டு, கழிசலை எனக்குத் தள்ளியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மாவிடம் நான் பேரம் பேசி வாங்கியது என் இன்ஜினை!

ஒரு மணி நேரம் கொதித்தேன். பிறகு யோசித்தேன். நீங்கள் தள்ளிவிட்ட கழிசல் பன்னிரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டது, நீங்கள் ஒளித்து வைத்த நல்லது கோழிக்குக் கூடாக இருந்தது. அதையே அன்று எனக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் அதையும் ஓட்டித் தேய்த்திருப்பேன், இந்த ஒன்றாம் தேதிக்கு இன்ஜின் இருந்திருக்காது. அதனால் மேலே எழுதிய நன்றியை அடிக்கவில்லை. விலையை மட்டும் திரும்பப் பேசலாம் என்று உங்கள் வீட்டம்மாவிடம் போனேன். அவர் அடையாள விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அவர் பண்ணினதுக்கு அவரைக் கேளுங்க தம்பி. இத்தனை வருஷம் உங்க இன்ஜினுக்கு இடம் கொடுத்தது யாரு?" என்றார். கடைசியில் முடிவானது இது: இன்ஜினுக்கு விலை இல்லை. இட வாடகைக்காக வாரம் ஒரு தட்டு முட்டை உங்கள் வீட்டுக்கு வரும், இன்ஜின் ஓடும்வரை. கூண்டு என் செலவு. நீங்கள் விடுமுறைக்கு வந்ததும் ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து என் முட்டை வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், வழியில் தேநீர் உங்கள் செலவு.